அம்மப்பாவின் ரேடியோவை பிளக்கில் போடலாமா?

2023 ஜூன் 4, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

தெஹிவளையில் இருக்கிறேன். அம்மப்பாவின் பிலிப்ஸ் வால்வ் ரேடியோ என் பங்குக்கு வந்திருக்கிறது. இருபது வருடமாக அலுமாரிக்கு மேலே கிடந்தது. அப்படியே பிளக்கில் போட்டுப் பார்க்கலாமா? தெரிந்த ஒருவர், உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு புளூடூத் ஸ்பீக்கர் பூட்டித் தருகிறேன் என்கிறார். வீட்டிலும் அதுதான் நல்லது என்கிறார்கள். இப்படிப்பட்ட ரேடியோ வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

2023 ஜூன் 4, மதியம்

தம்பி, பிளக்கில் போட வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

அந்தக் காலத்து ரேடியோவில் முதலில் கெட்டுப்போவது கண்டென்சர்தான். வால்வ், அதாவது சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய், எத்தனையோ வருடம் தாங்கும். கண்டென்சர் என்பது மெழுகு பூசிய காகிதச் சுருள். கொழும்பு ஈரக்காற்றில் இருபது வருடம் கிடந்தால் காகிதம் ஈரத்தைக் குடித்துவிடும். தடுத்து வைக்க வேண்டிய கரன்டை மெல்லக் கசிய விடும். அவற்றில் ஒன்று மிகப் பொல்லாதது: ஸ்பீக்கரை ஓட்டுகிற கடைசி வால்வின் கிரிட்டுக்கு (வால்வின் கரன்டைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் கண்டென்சர். பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட் இருக்கும். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும். வால்வ் அளவுக்கு மீறிக் கரன்டை இழுக்கும். அதோடு அவுட்புட் டிரான்ஸ்போமரும் எரியும். கண்டென்சர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு பிளேன்டீ காசுக்குக் கிடைக்கும் (630 வோல்ட் பொலியெஸ்டர் என்று கேளுங்கள்). டிரான்ஸ்போமர் இனி எங்கேயும் கிடைக்காது.

இப்படிப் பழுதான ரேடியோ முதல் ஐந்து நிமிடம் அழகாகப் பாடும். அதை நம்பித்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

பின்பலகையைக் கழற்றி, வால்வ்களில் எழுதியிருக்கும் எழுத்துகளைப் பார்த்து இங்கே போடுங்கள். முதல் எழுத்து ஈ என்றால் ஒரு கதை, யூ என்றால் வேறு கதை.

2023 ஜூன் 4, இரவு

ஒன்று விட்டுப்போனது. உங்கள் பெட்டி இருபது வருடம் கரன்ட் காணாதது, அதனால் இன்றைக்குப் பயமில்லை. ஆனால் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு பிளக்கைக் கழற்றினாலும் பெரிய கண்டென்சர்களில் 250 வோல்ட் மட்டில் நிற்கும். கொஞ்ச நேரம் பொறுத்து, மீற்றர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

2023 ஜூன் 6

தம்பி போட்ட எழுத்துகள்: யூசிஎச்81, யூஎஃப்89, யூஏபிசி80, யூஎல்84, யூவை85. சரி, அப்படியானால் உங்களுடையதில் மெயின்ஸ் டிரான்ஸ்போமர் இருக்காது.

நான் பிஸிக்ஸ் படிப்பித்தவள், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈ என்றால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட், அதற்கு டிரான்ஸ்போமர் வேண்டும். யூ என்றால் 100 மில்லிஅம்பியர். எல்லா வால்வ்களின் இழைகளும் வெசாக் பல்ப் மாலை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்று போனால் எல்லாம் இருட்டு. என்னிடம் உள்ள புஷ் டிஏசி90ஏ இந்த வகைதான். அதில் ஐந்து வால்வ்களின் இழைகளுக்கும் 14, 12.6, 14, 45, 31 வோல்ட். கூட்டினால் 116.6. நம்முடைய 230 வோல்ட்டில் மிச்சம் 113 மட்டில் ஒரு தடையில் சூடாகப் போகிறது. கண்டென்சர் எல்லாம் மாற்றிய பிறகும் அந்த பேக்கலைட் பெட்டியின் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்.

இந்த வகையில் ரேடியோவின் இரும்புச் சட்டம் நேரே மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். சட்டத்தைத் தொடுவது சுவர் வயரைத் தொடுவதுதான். பிளக்கைச் சரியான பக்கம் போட்டால் சட்டத்துக்கு நியூட்ரல் வரும், அப்போது ஆபத்து இல்லை.

2023 ஜூன் 7

நேற்றைய கடைசி வரியைத் திருத்த வேண்டும். கண்டியிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பழைய இரண்டு முனை பிளக் எந்தப் பக்கமும் போகும். சரியான பிளக் என்றாலும், சுவருக்குள் இருக்கும் வயரிங்கை யார் எப்படிக் கட்டினார் என்று நமக்குத் தெரியாது. எங்கள் வீட்டு வெளிவிறாந்தை பிளக்கிலேயே லைவும் நியூட்ரலும் மாறி இருந்ததை ஒரு நாள் டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஆகவே யூ வகைச் சட்டத்தில் எப்போதும் லைவ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குமிழ் கழன்றுபோய்த் தண்டு வெளியே தெரிந்தால் அந்தத் தண்டும் லைவ்தான். பின்பலகை இல்லாத யூ பெட்டியை சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கவே கூடாது.

2023 ஜூன் 10

புளூடூத் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாக எழுதி எழுதி அழித்தேன், கோபத்தில் எழுதக் கூடாது என்பதற்காக.

2015 இல் சொந்தத்தில் ஒருவர் கேட்டார் என்று என் குருண்டிக் ரேடியோவைக் கொடுத்தேன். பெரிய பெட்டி. பச்சைக் கண் வால்வ் வைத்தது. நிலையம் சரியாகப் பிடிபடும்போது அந்தக் கண் ஒடுங்கி இணையும். மூன்று வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். குருண்டிக் மீன் தொட்டியாக இருந்தது. சட்டத்தை நிறுத்துப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார்களாம். அன்றைக்கு என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று இப்போது நினைவில்லை. தேத்தண்ணி குடிக்கவில்லை, அது நினைவிருக்கிறது.

தம்பி, அந்த ஆள் கழற்றப்போவது ஐந்து வால்வ், இரண்டு ஐஎஃப் டிரான்ஸ்போமர், ஒரு டியூனிங் கண்டென்சர், உங்கள் அம்மப்பா திருப்பித் திருப்பித் தேய்ந்துபோன ஒரு டயல் நூல். அதற்குப் பதிலாகப் பூட்டப்போவது எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரு சின்ன போர்ட். இரண்டு வருடத்தில் அது பழுதாகும். அப்போது உங்களிடம் ரேடியோவும் இருக்காது, ஸ்பீக்கரும் இருக்காது.

ஓடுகிற ரேடியோதான் ரேடியோ. ஓடாததை ஷோகேஸில் வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

2023 ஜூன் 11

கண்டென்சர் மாற்றிய பிறகு முதல் தடவை ஓட்டும் முறை: பழைய இழை பல்ப் ஒன்றை, 60 வாட் அல்லது 100 வாட், ரேடியோவோடு தொடராகப் பூட்ட வேண்டும். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. பல்ப் முதலில் எரிந்து பிறகு மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷோட். உடனே நிறுத்துங்கள். இழை பல்ப் இப்போது கடைகளில் அருமை. கிடைத்தால் நாலைந்து வாங்கி வையுங்கள்.

2023 ஜூன் 25

எங்கே வைப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் வீடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. பதினான்கு பெட்டி வைத்திருக்கும் அனுபவத்தில் சொல்கிறேன்.

கடல் உப்புதான் பெரிய எதிரி. யன்னலுக்கு நேரே வைத்தவற்றின் சட்டத்தில் இரண்டு மழைக்காலத்துக்குள் துரு பூத்தது. உள்ளறையில் இருந்தவை தப்பின. அடுத்தது கறையான். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை இடைவெளி விட வேண்டும், கால்களுக்குக் கீழே மாபிள் துண்டு வைக்க வேண்டும். அந்த இடைவெளி சூடு போவதற்கும் உதவும். கண்ணாடி ஷோகேஸுக்குள் வைத்து ஓட்டினால் சூடு உள்ளேயே நின்று மெழுகு உருகும். வெயில் நேரே பட்டால் மரத்தின் மேல்தோல் வெடிக்கும், பேக்கலைட் மினுக்கம் இழக்கும்.

டயல் கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர்கள் கண்ணாடியின் உட்பக்கம் அச்சடித்தவை. என் முதல் பெட்டியை வாங்கிய அன்று ஆசையில் ஈரத் துணியால் உட்பக்கம் துடைத்தேன். ஹில்வர்சம், லக்சம்பர்க், அத்லோன் எல்லாம் துணியோடு வந்துவிட்டன. அந்தத் துணியைப் பல வருடம் எறியாமல் வைத்திருந்தேன். உட்பக்கத்துக்குக் காய்ந்த மெல்லிய தூரிகை போதும், அதுவும் எழுத்தைத் தவிர்த்து.

எங்கள் அம்மா ரேடியோவுக்குப் பூவேலை செய்த துணி போர்த்தி வைப்பா. ஓட்டும்போது அதை எடுத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மேலே பூச்சாடி வைக்கவும் விடமாட்டா.

2023 ஜூலை 2

இங்கே ஒருவர் இலங்கையில் ரேடியோ 1949 இல் தொடங்கியது என்று எழுதியிருக்கிறார். ரேடியோ சிலோன் என்ற பெயர் வந்த வருடம்தான் 1949. கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பர் 16. தந்தித் திணைக்களத்தில் இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் முன்னின்று செய்தார். அதற்கு முந்திய பரிசோதனை ஒலிபரப்புகளுக்கு, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைப் பயன்படுத்தினார்கள். வர்த்தக சேவை 1950 இல் வந்தது. 1967 இல் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமானது. 2025 டிசம்பரில் நூறு வயது.

ரேடியோ சிலோன் அறிவிப்பாளர் எஸ்.பி.மயில்வாகனத்தின் குரலைத் தமிழ்நாட்டில் சிற்றலையில் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், எந்தப் பெட்டியில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். பாட்டைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், பெட்டியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

2023 ஜூலை 24

இன்றைக்கு நாற்பது வருடம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவிடம் ஒரு மர்பி ரேடியோ இருந்தது. மரப்பெட்டி. எனக்கு ஈயம் பற்றவைக்கப் பழக்கியது அதன் முதுகில்தான். பத்து வயதில் டயல் நூல் மாற்றினேன். 1983 ஜூலை தொடக்கத்தில் அதில் உறுமல் சத்தம் வந்தது. வீட்டில் பார்க்க நேரமில்லை என்று அப்பா அதை மருதானையில் ஒரு ரேடியோ பாஸிடம் (திருத்துகிறவரிடம்) கொண்டுபோய்க் கொடுத்தார். சிங்களவர், அப்போதே அறுபது வயது இருக்கும்.

பிறகு 83 கலவரம், நடந்தது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம், அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். எனக்கு இருபத்தொரு வயது.

அடுத்த வருடம் அப்பா வேலைக்காகக் கொழும்புக்குத் திரும்பினார். ஒரு நாள் மருதானைப் பக்கம் போனபோது பாஸ் கடைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார், ரேடியோவை எதிர்பார்த்துப் போகவில்லை. பாஸ் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், சாக்குப் போர்த்திய பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாராம். அப்பாவின் பெயர் எழுதிய சீட்டு அதில் இல்லை. கலவர நாளில் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, தன் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். உறுமலும் போயிருந்தது. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு "போங்கோ மாத்தயா" என்று மட்டும் சொன்னாராம்.

எங்கள் வீட்டில் 83 க்கு முந்திய சாமான் அது ஒன்றுதான்.

2023 ஜூலை 25

கேட்டவர்களுக்கு: இருக்கிறது, என்னிடம்தான் இருக்கிறது. ஓடாது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

2023 ஆகஸ்ட் 13

யாழ்ப்பாணத்தில் வால்வ் ரேடியோ ஏன் இவ்வளவு குறைவு என்று ஒரு கேள்வி. 1990 இல் தொடங்கிப் பல வருடம் அங்கே கரன்ட் இல்லை. பற்றரியும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து சின்ன டிரான்சிஸ்டருக்கு வயர் போகும். மற்றவர்கள் சுற்றி இருந்து செய்தி கேட்பார்கள். வால்வ் பெட்டிக்கு 40 வாட் மட்டில் வேண்டும், சைக்கிள் டைனமோ தருவது 3 வாட். அதனால் பெரிய பெட்டிகள் மூலைக்குப் போயின. பிறகு இடம்பெயர்வு வந்தபோது அவற்றைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பது?

அந்தச் சின்ன டிரான்சிஸ்டரில் எதைக் கேட்டோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். 9.15 க்கு பிபிசி தமிழோசை. கொழும்பு வானொலியில் மரண அறிவித்தல். அறிவித்தல் நேரத்தில் அம்மா அம்மியை நிறுத்திவிடுவா. ஊரின் பெயர் முதலில் வரும்போதே முகம் மாறும், ஆளின் பெயர் பிறகுதான் வரும். தமிழோசையும் 2017 இல் சிற்றலையை விட்டுப் போய்விட்டது.

2023 அக்டோபர் 8

நாங்கள் இருக்கும் வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். மகள் இரண்டு அறை ஃபிளாட் ஒன்று பார்த்திருக்கிறாள், ஐந்தாம் மாடி. பதினான்கு பெட்டிக்கு அங்கே இடமில்லை. எனக்கும் 61 ஆகிறது. தூக்கி இறக்க முதுகு விடுவதில்லை. பிள்ளைகளின் தலையில் கட்டிவிட்டுப் போவதைவிட, கை நடுங்காத காலத்தில் நானே ஆள் பார்த்துக் கொடுப்பது நல்லது என்று முடிவு செய்தேன்.

ஆள் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். பெட்டியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். வருகிறவர் முதலில் முன்பக்கத்தைப் படம் எடுத்தால் சொன்ன விலைதான். முதலில் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் பாதி விலை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பையன் மீற்றரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்தான். அவனுக்கு இரண்டு பெட்டியும் ஒரு பெட்டி நிறைய வால்வும் காசில்லாமல் கொடுத்தேன். புறக்கோட்டை முஸ்லிம் நானா ஒருவர் விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்டார், ஆனாலும் எழுத்தழிந்த வால்வைத் தடவிப் பார்த்தே இது இன்னது என்று சொன்னார். அவர் கேட்ட விலைக்கே விட்டேன்.

ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: எங்கே வாங்கியது, முன்பு யாருடைய வீட்டில் இருந்தது, நான் எந்தக் கண்டென்சரை எப்போது மாற்றினேன், சட்டம் லைவா இல்லையா. பழைய ரேடியோ அனுமதிப்பத்திரப் புத்தகம் உள்ளவற்றுக்கு அதையும் உள்ளேயே வைத்துவிட்டேன்.

2023 அக்டோபர் 9

சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் அலங்காரத்துக்கு நான்கு கேட்டார். முதலில் இல்லை என்று சொன்னேன். இரவு யோசித்துவிட்டு, சட்டம் முழுதும் துருவேறி இனித் திருத்த வழியில்லாத இரண்டை மட்டும் கொடுத்தேன். பிளக் வயரை அடியோடு வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். இதில் யாரும் கண்மூடித்தனமாக நடக்க வேண்டாம்: எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாத கைக்குப் போகும் பெட்டியில் வயர் இருக்கக் கூடாது. ஜூன் மாதம் ஓடாததை ஷோகேஸில் வைப்பது சம்மதமில்லை என்று எழுதினேன். அதை இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். காரணம் கீழே.

2023 அக்டோபர் 15

மர்பியைப் பற்றி.

அப்பா 2001 இல் இறந்தார். அந்தியேட்டி முடிந்து எல்லாரும் போன பிறகு, பல வருடம் மூடிக் கிடந்த மர்பியை பிளக்கில் போட்டேன். ஒன்றையும் பார்க்கவில்லை, ஒன்றையும் மாற்றவில்லை. பாடியது. ஐந்து நிமிடம் மிக அழகாகப் பாடியது. பிறகு மெழுகு மணம், பிறகு புகை.

ஜூன் 4 ஆம் தேதி அந்த ஒரு கண்டென்சரைப் பற்றி நான் அப்படி எழுதியதற்குக் காரணம் இதுதான். பாஸ் காப்பாற்றித் தந்ததை நான் எரித்தேன். அதற்குப் பிறகுதான் மற்றப் பெட்டிகளைத் தேடி வாங்கித் திருத்தத் தொடங்கினேன். பதின்மூன்றையும் பாட வைத்தேன், அதை மட்டும் தொடவில்லை. ஓடாத பெட்டியைத் துணி போர்த்தி இருபத்திரண்டு வருடம் வைத்திருப்பவள் மற்றவர்களின் ஷோகேஸைப் பற்றிப் பேசியது சரியில்லை.

2023 நவம்பர் 19

தெஹிவளைத் தம்பியின் பிலிப்ஸ் பாடுகிறது! எட்டுக் கண்டென்சர் மாற்றியிருக்கிறார், பல்ப் வைத்தே ஓட்டியிருக்கிறார்.

வீட்டாரின் புளூடூத் ஆசைக்கும் வழி உண்டு, ஒன்றையும் வெட்டாமல். ஈ வகைப் பெட்டி என்றால் பெரும்பாலும் பின்னால் கிராமஃபோனுக்கான இரண்டு துவாரங்கள் இருக்கும், ஃபோனின் சத்தத்தை அதில் கொடுக்கலாம். உங்களுடையது யூ, அதில் அந்த வேலை கூடவே கூடாது. சட்டத்தின் லைவ் நேரே ஃபோனுக்கு வந்துவிடும். உங்களுக்கு ஏற்றது மத்திய அலையில் ஒலிபரப்பும் சின்னக் கருவி. ஒரு அறைக்குள் மட்டும் கேட்கும் சக்தி போதும். ஃபோனை அதில் செருகிவிட்டு ரேடியோவைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதுதான். வால்வ் எல்லாம் தம் வேலையைச் செய்யும், பாட்டு உங்கள் விருப்பம்.

2023 டிசம்பர் 17

ஜூன் 4 க்கு இன்னொரு திருத்தம். அவுட்புட் டிரான்ஸ்போமர் எங்கேயும் கிடைக்காது என்று எழுதினேன். கிடைக்காதுதான், ஆனால் சுற்றலாம். நான் வீடு மாற்ற உதவிக்கு வந்த தெஹிவளைத் தம்பி மர்பியைப் பார்த்துவிட்டு, பஞ்சிகாவத்தைப் பக்கம் மோட்டர் கொயில் சுற்றுகிறவர் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கலாமே என்றார். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அப்பா தொட்ட கம்பி, பாஸ் தொட்ட கம்பி என்று விட்டுவைத்திருந்தேன். எரிந்த கம்பி. தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது மறுக்க வாய் வரவில்லை.

முதன்மைச் சுற்றுக் கம்பி தலைமயிரை ஒத்தது. ஒரு பக்கத்தின் சுற்றுக்கு மறுபக்கம் நாற்பது மடங்கு மட்டில் வர வேண்டும். சுற்றுகிறவர் பழைய கம்பியைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு சுற்றாக எண்ணி எழுதினாராம். எரிந்த கம்பியை ஒரு பொட்டலத்தில் சுற்றித் திருப்பியும் கொடுத்தார், நாங்கள் கேட்கவில்லை.

2024 ஜனவரி 16

பொங்கலுக்கு மறுநாள் இரவு மர்பியை பல்ப் வைத்து ஓட்டினேன். எரிந்தது, மங்கியது. முதலில் வெறும் இரைச்சல். ஃபிளாட் முழுக்க எல்ஈடி, ஃபோன் சார்ஜர், அயல்வீட்டு லிஃப்ட். மத்திய அலையில் எல்லாம் கேட்கிறது. ஐந்தாம் மாடியில் ஏரியல் கட்ட விடமாட்டார்கள். கடைசியில் பல்கனியில் துணி காயப்போடும் கம்பியில் வயரைக் கொளுவினேன். பத்து மணி தாண்டி, இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு தமிழ்க் குரல் ஏறியது, இந்தியப் பக்கம். மழை நிலவரம் சொன்னார்கள். மகள் எழும்பி வந்து கதவடியில் நின்று கேட்டாள். ஐந்து நிமிடம் கடந்தது, பத்து நிமிடம் கடந்தது, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெழுகு மணம் வரவில்லை.

இன்னும் சிற்றலையில் ஒன்றும் பிடிபடவில்லை. கம்பி பன்னிரண்டு அடிதான். மாடிக் குடியிருப்பில் இதைவிட நீளமாக ஏரியல் போட்டவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.